ஓட்டு மை ஏன் தேய்த்தாலும் போவதில்லை?

ஓட்டுப் போடும்போது விரலில் வைக்கும் மை சோப்புக்கும் போகவில்லையே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முக்கியமான சரக்கு சில்வர் நைட்ரேட். தோலில் பட்டதும் வியர்வையில் இருக்கும் உப்போடு சேர்ந்து சில்வர் குளோரைடாக மாறும். அது தண்ணீரில் கரையாது. அப்புறம் வெளிச்சம் பட்டால் பொடிப்பொடி வெள்ளித் துகளாகப் பிரிந்து கறுத்துவிடும். பூத்தில் ஊதாவாக இருந்த கோடு கொஞ்ச நேரத்தில் கரியாகத் தெரிவது இதனால்தான். பழைய ஃபிலிம் கேமராவில் படம் விழுந்ததும் கிட்டத்தட்ட இதே வேதியியல்தான்.

கறை படிவது தோலின் இறந்த மேலடுக்கில். அது உரிந்தால் கறையும் போய்விடும். நகத்தில் ஏறியது அப்படியல்ல. மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும் நகம் முழுக்க வளர்ந்து, வெட்டித் தள்ளினால்தான் உண்டு. நகத்தையும் சேர்த்துக் கோடு இழுப்பது சும்மா இல்லை.

1962 பொதுத்தேர்தல் முதல் இந்த மை புழக்கத்தில் இருக்கிறது. தயாரிப்பது மைசூரில் இருக்கும் கர்நாடக அரசு நிறுவனம். 2016இல் செல்லாத நோட்டை மாற்ற வங்கி வரிசையில் நின்றவர்களுக்கும் இதே மையைத்தான் வைத்தார்கள், வலது கை விரலில்.

எலுமிச்சை, பெட்ரோல், பப்பாளிப் பால் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். தோல் எரிவதுதான் மிச்சம். அப்படியே அழித்தாலும் பட்டியலில் உங்கள் பெயர் குறிக்கப்பட்டிருக்கும், பதிவேட்டில் உங்கள் கையெழுத்தும் இருக்கும்.