இருட்டில் நடக்கும் பிஸ்டல் போட்டிக்குத் துப்பாக்கியில் பொருத்தும் விளக்கா, கை டார்ச்சா?

தொண்டிக் கரையில் இரவில் நண்டு பிடிக்கப் போகிறவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொள்கிறார். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். துப்பாக்கிக் குழலுக்குக் கீழே விளக்கைப் பொருத்துவதும் அதற்காகத்தான். இரு கைப் பிடி குலையாது, தோட்டா அடைத்த மேகசினை மாற்றுவதும் எளிது.

ஆனால் நெற்றி விளக்கு தலை திரும்பும் பக்கம் திரும்பும். துப்பாக்கி விளக்கோ குழல் பார்க்கும் பக்கத்தை மட்டுமே பார்க்கும். கீழே விழுந்த மேகசினைத் தேட இதைத் திருப்பினால் குழலும் கூடவே திரும்பும். குழல் திரும்பலாம் என்று விதித்த பாதுகாப்புக் கோணத்தைத் தாண்டினால் போட்டியிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். ஆகவே தேடுவதற்கு இடுப்பில் தனி டார்ச் கட்டாயம் என்பேன்.

சுடும்போது விளக்கின் கண்ணாடியில் கரி படியும். உதட்டுத் தைலத்தை முன்பே மெல்லப் பூசியிருந்தால் ஒரே துடைப்பில் போய்விடும். துப்பாக்கியைச் செருகும் பழைய இடுப்பு உறையில் விளக்கு நுழையாது. புது உறைக்கும் பணம் எடுத்து வையுங்கள். நம் உப்புக்காற்றில் பேட்டரி முனைகளில் பச்சை பூக்கும், அடிக்கடி கழற்றிப் பாருங்கள்.