புதிதாக ஒரு பள்ளி அமைப்பைத் தொடங்கினால் எப்படி இருக்க வேண்டும்?

பள்ளி அமைப்பு என்றால் கட்டடம் இல்லை. எந்தப் பிள்ளை, எதை, எவ்வளவு வேகத்தில் படிக்கும் என்ற ஏற்பாடு. நான் முதலில் மாற்றுவது வேகத்தைத்தான்.

இப்போது ஜூன் வந்தால் எல்லோருக்கும் அடுத்த வகுப்பு. மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளைக்கு நான்காம் வகுப்பில் அறிவியல் ஏறாது, கணக்கில் கேள்வியே புரியாது, ஏனென்றால் எல்லாமே வாசிப்பின் மேல்தான் நிற்கிறது. பாம்பன் கரையில் பாருங்கள், வலையை மடியில் போட்டு ஒவ்வொரு கண்ணாக விரலால் தடவி, அறுந்த இடத்தை நூல் போட்டு முடிந்த பிறகுதான் படகில் ஏற்றுவார்கள். கிழிசலோடு போனால் மீன் நிற்காது. பிள்ளையிடம் எந்தக் கண் அறுந்திருக்கிறது என்று பார்க்க ஆசிரியருக்கும் நேரம் வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்பில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது, நான் 20 என்பேன்.

அப்புறம், பாடம் ஊரிலிருந்து தொடங்கட்டும். பாம்பனில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. அதிலேயே நாள்கணக்கும் மீன் இனப்பெருக்கமும் இருக்கிறது.

இதைக் குலக்கல்வி என்று சிலர் தவறாக நினைக்கிறார்கள்: அந்தப் பெயர் வாங்கிய ராஜாஜியின் 1953 திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் வீட்டுத் தொழிலைக் கற்கச் சொன்னது, இங்கே முழு நாளும் பள்ளிதான், கடல் வெறும் எடுத்துக்காட்டு.