குயில் மேல் வராத கோபம்

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். சமீபத்தில் நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்தேன். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' படித்தபோது கணவன் இருக்கும்போதே சிவசு என்பவரோடு உறவு வைத்துக்கொள்ளும் அம்மா அலங்காரத்தம்மாள் மேல் வந்த கோபத்தில் பாதியிலேயே மூடி வைத்துவிட்டு, நாலு நாள் கழித்துத்தான் முடித்தேன். மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' மட்டும் விடாமல் படித்தேன், இப்போது வயலில் கொக்கைப் பார்த்தால்கூட நிற்கிறேன். வாசகர் வட்டத்தில் சொன்னால் "உனக்கு நாவல் படிக்கத் தெரியவில்லை, பறவைப் புத்தகமெல்லாம் இலக்கியமே இல்லை" என்கிறார்கள். நாவல் படிப்பதை விட்டுவிடலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: விடவேண்டாம். வாசகர் வட்டத்தையும் விடவேண்டாம், சண்டை போட ஆள் வேண்டுமே.

பறவைப் புத்தகம் இலக்கியம் இல்லை என்றவர் கிருஷ்ணனைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். 1950இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் ஆரம்பித்த இயற்கைப் பத்தியை 1996இல் சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தவர். தமிழில் எழுதியவற்றை சூழலியல் எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்ததால்தான் அது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. இதைச் சொல்லிப் பாருங்கள், கேட்காவிட்டால் போகட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் வைத்துவிட்டுப் போய்விடும், அடைகாப்பதும் இரை தேடி ஊட்டுவதும் காக்கை பாடு, அதுவும் ஆண் குயில் கத்திக் காக்கையைத் துரத்தவிட, பெண் குயில் அந்தச் சந்தில் உள்ளே நுழையும் என்பார்கள். இதெல்லாம் தெரிந்தும் குயில் மேல் உங்களுக்குக் கோபம் வரவில்லை. அலங்காரத்தம்மாளிடம் வந்ததும் புத்தகத்தையே மூடிவிட்டீர்கள்.

அது பறவை, இவள் மனுஷி, தெரிந்தே செய்தாள் என்பீர்கள். நியாயம்தான், ஜானகிராமனும் அதைத்தான் எழுதுகிறார். தெரிந்தே செய்ததால்தான் மகன் அப்புவைச் சின்ன வயதிலேயே காவிரிக்கரை வேத பாடசாலைக்கு அனுப்புகிறாள். பிள்ளை வேதம் படித்துத் திரும்பினால் தன் பாவம் கரையும் என்பது அவள் போட்ட கணக்கு, அந்தக் கணக்கில் அவன் சம்மதம் கேட்கப்படவே இல்லை. என்னைக் கேட்டால் அவள் மேல் கோபப்பட வேண்டிய இடம் சிவசு விவகாரம் இல்லை, இதுதான். எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் அதே வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிறாரே அவள் கணவர் தண்டபாணி, அவர் மேல் ஒரு சொல்கூட உங்களுக்கு எழவில்லை. இந்து? சின்ன வயதில் தாலி அறுத்துவிட்டு அந்தப் பாடசாலை வீட்டுக்கே வந்து, அப்புவிடம் மனசைத் திறந்து சொன்னவள், அவனால் தள்ளப்பட்டவள். கடைசியில் அப்பு போய் நிற்கும் இடம் அவள்தான். உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் அவள் பெயரே இல்லை. அம்மா மேல் வந்த கோபம் அவளை மறைத்துவிட்டது என்று நினைக்கிறேன். நாவலை ஒருமுறை இந்துவுக்காக மட்டும் திருப்பிப் பாருங்கள், முழுசாகப் படிக்க வேண்டியதில்லை.

கோபம் வந்ததில் தப்பே இல்லை. 1966இல் இந்த நாவல் வந்தபோது தஞ்சாவூர்க்காரர்களே பொறுக்கவில்லை. எரிச்சல் வரவேண்டிய இடத்தில் வராமல் "அருமையான நடை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களைத்தான் எனக்குச் சந்தேகம்.

நான் குறை சொல்வது உங்கள் மற்ற பாதியை. பறவைப் புத்தகத்துக்கு நீங்கள் அப்படியே தலையாட்டிவிட்டீர்கள். அதோடும் கொஞ்சம் மல்லுக்கட்டுங்கள். நீலத் தாழைக்கோழியை அழகு என்று யாரும் எழுதலாம், ஆனால் அது நெற்பயிரை ஒடித்துப் போடும்போது வரப்பில் நின்று கத்துகிற உங்கள் அப்பாவிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. நத்தைகுத்தி நாரை தெரியுமா? அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும், நத்தை தின்கிற பறவை. குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் விழும். இதை நான் சொன்னதற்காக நம்பவேண்டாம். உங்களுக்கு வடுவூர்ப் பறவை ஏரி பக்கம்தானே, தஞ்சாவூர் போகிற வழி. மேட்டூர்த் தண்ணீரும் ஐப்பசி மழையும் சேர்ந்து ஏரி நிரம்பிய பிறகு, டிசம்பர் வாக்கில் ஒரு காலைவேளை போய் வயசான நாரையையும் இளசையும் அலகைப் பார்த்துப் பிரிக்க முடிகிறதா என்று பாருங்கள். (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த ஏரி அது, நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பழக்கம்.) அங்கே அரைமணி நேரம் தீர்ப்புச் சொல்லாமல், அது என்ன செய்கிறது என்று மட்டும் பார்ப்பீர்கள் இல்லையா, அதே பொறுமையை அலங்காரத்தம்மாளுக்கும் ஒரு பத்துப் பக்கம் கொடுத்துப் பாருங்கள். அப்புறமும் கோபம் நின்றால் அது உங்கள் கோபம், வட்டத்தில் தைரியமாகச் சொல்லலாம்.

அடுத்து என்ன படிக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். கும்பகோணத்து கு.ப. ராஜகோபாலனின் சிறுகதைகளை எடுங்கள். கரிச்சான் என்ற குருவிப் பெயரிலும் எழுதியவர், அவர் மேல் உள்ள பிரியத்தில் இன்னொருவர் கரிச்சான் குஞ்சு என்றே பெயர் வைத்துக்கொண்டார், உங்களுக்குப் பிடிக்கும். ஜானகிராமனை இப்போதைக்கு நாவலாகப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், அவரும் எழுத்தாளர் சிட்டியும் சேர்ந்து ஆற்றோடு போய் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' இருக்கிறது. பயண நூல் அது, நூலகத்தில் நாவல் அலமாரியில் தேடாதீர்கள்.