கற்குவியலா, பனியாறா?

கேள்வி: ஆர்ஜென்டினாவில் வெறும் கற்குவியல்களையும் பனியாறுகள் என்று கணக்கெடுத்து, அங்கே சுரங்கம் தோண்டக் கூடாது என்று 2010-ல் சட்டம் போட்டார்களாமே? பனியே தெரியாத இடத்தை எப்படி அப்படி முடிவு செய்கிறார்கள்? கொஞ்சம் ஓவராக இல்லையா?

பதில்: ஓவரெல்லாம் இல்லை. அவை பாறைப் பனியாறுகள். மேலே சில மீட்டருக்குக் கல், அதற்குக் கீழே ஐஸும் கல்லும் கலந்து இறுகிய கெட்டி, அது மொத்தமாகச் சரிவில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரிலிருந்து ஓரிரு மீட்டர்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். மரத்தூள் போட்டு மூடிய ஐஸ்கட்டி மாதிரி, மேலே கிடக்கும் கல்தான் உள்ளிருப்பதை வெயிலிலிருந்து காக்கிறது. சுவிட்சர்லாந்தின் மூர்டெல் பாறைப் பனியாற்றில் 1987-ல் 58 மீட்டர் துளை போட்டார்கள். மேலே சுமார் 3 மீட்டர் கல், அதைத் தாண்டியதும் பெரும்பாலும் ஐஸ்தான்.

சரி, ஆர்ஜென்டினாவின் ஆண்டீஸ் மலைத்தொடர் முழுக்கத் துளை போட முடியுமா? முடியாது, அதனால் செயற்கைக்கோள் படத்தில் தேடுகிறார்கள். நாக்கு வடிவம், குறுக்கே வரிவரியாக மேடும் பள்ளமும், செங்குத்தான முன்முனை. அந்த முனையைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். மேற்பரப்புக் கற்கள் கறுத்துப் பழசாகியிருக்க, முனையில் மட்டும் வெளிறிய புதுக் கல்லும் மண்ணும் தெரிந்தால், உள்ளிருந்து சரக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். முனை மழுங்கி, நடுப்பகுதி குழிந்து, புல் முளைத்திருந்தால் ஐஸ் போய்விட்டது. இதிலும் ஒரு வில்லங்கம்: சான் ஹுவான் போன்ற வறண்ட மாகாணத்தில் ஐஸ் போய் எத்தனை காலமானாலும் புல் முளைக்காது, ஆகவே ஆல்ப்ஸில் கற்ற அடையாளங்களை அப்படியே இங்கே பொருத்தினால் தப்பாகும்.

அதனால் இப்போது நகர்வையே அளக்கிறார்கள். ரேடார் செயற்கைக்கோள் சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு பதிவுகளை ஒப்பிட்டால் சென்டிமீட்டர் கணக்கில் தெரிந்துவிடும். அதை வைத்து இயங்குவது, இடைநிலை, ஓய்ந்தது என்று மூன்றாகப் பிரிப்பார்கள். தகராறு நடு வகையில்தான். நகரவில்லை என்பதாலேயே உள்ளே ஐஸ் இல்லை என்று சொல்ல முடியாது, சரிவு குறைந்துபோனாலும் நின்றுவிடும். சுரங்கத்துக்கு இடம் தேடுபவருக்கு அது ஓய்ந்ததாக இருந்தால் வசதி, மலையிலிருந்து உருகி வரும் தண்ணீரைக் கீழே திராட்சைக்குப் பாய்ச்சுபவருக்கு உள்ளே ஐஸ் இருக்க வேண்டும்.

எல்லை போடுவதும் லேசல்ல. ஒரே படத்தை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு கோடு வரும். முன்சரிவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முட்டிக்கொண்டவர்களுக்கு, இரண்டு விதமாகவும் போடுங்கள் என்று சர்வதேச வழிகாட்டுதலே சொல்லிவிட்டது! ஆர்ஜென்டினா ஒரு ஹெக்டேர் இருந்தாலே கணக்கில் சேர்த்தது. 2018-ல் வந்த பட்டியலில், சாதாரணப் பனியாறுகளும் சேர்த்து 16,000-க்கும் மேல். சட்டமே செல்லாது என்று சுரங்க நிறுவனம் போட்ட வழக்கை 2019-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

கேள்வி: இமயமலையில் பெர்மாஃப்ராஸ்ட் எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் நேரில் பார்த்து வரைந்தது அல்ல. தொடர்ந்து இரண்டு ஆண்டாவது பூஜ்ஜியம் டிகிரிக்கு மேல் போகாத நிலம்தான் பெர்மாஃப்ராஸ்ட். அது வெப்பநிலை சம்பந்தப்பட்ட விஷயம், கண்ணுக்குத் தெரியாது. காற்றின் வெப்பம், உயரம், வெயில் படும் திசை எல்லாம் போட்டுக் கணக்கிட்டு, எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்று நிறம் தீட்டுகிறார்கள். அது சரியா என்று சோதிக்க, உள்ளே ஐஸ் நிலைத்திருக்கும் பாறைப் பனியாறுகள்தான் கை கொடுக்கின்றன. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் கூகுள் எர்த் படங்களில் அவற்றைத் தேடிக் குறித்து, வரைபடங்களோடு ஒத்துப்பார்த்தார்கள். ஒரு எச்சரிக்கை: பாறைப் பனியாறு மேலிருந்து நகர்ந்து வந்தது, எனவே அதன் நுனி எட்டிய உயரம்வரை சுற்றியுள்ள நிலமும் உறைந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்புறம், இமயத்தில் கல் மூடிய சாதாரணப் பனியாறுகளும் ஏராளம். மேலே குட்டைகளும் ஐஸ் சுவர்களும் தெரிந்தால் பெரும்பாலும் அது இந்த வகை, பாறைப் பனியாறு அல்ல.