வீட்டுக்காரர் இருக்கும் வீடு – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் தேவிபட்டினத்துக்காரன். துபாயில் வேலை. ஆகஸ்டில் அம்மாவையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஸ்காட்லாந்து போகிறேன். எடின்பரோவில் மூன்று நாள், பிறகு ஸ்கை தீவு. அங்கே ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ என்று வீடுகளில் அறை தருகிறார்களே, அதில் தங்கலாமா, ஹோட்டல்தான் நல்லதா? வீடு மலிவு என்கிறார்கள். ஆனால் எப்போது வருவோம், போவோம் என்று யாருக்கும் சொல்லிக்கொண்டிருக்க எங்களால் முடியாது. அம்மா சைவம், முழங்கால் வலி வேறு. அறையிலேயே சமைக்கச் சின்ன இண்டக்‌ஷன் அடுப்பு எடுத்துப் போகிறோம். வைஃபை எப்படி இருக்கும்?

இன்னொன்று. அம்மாவும் எங்களோடு வந்துவிட்டதால் ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது. ராமேஸ்வரம் வரும் வெளிநாட்டினருக்கு இணையம் வழியாக விடலாம் என்றிருக்கிறேன். வாசலில் எண் பூட்டுப் பெட்டியில் சாவியை வைத்தால் போதும், ஆளே தேவையில்லையாம். உங்கள் கருத்து என்ன?

ச.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திக்காகத்தான் பதில் எழுதுகிறேன். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் போகும்போதெல்லாம் ஆளில்லாத வீடுகளின் வாசலில் யாத்திரிகர்கள் பெட்டிகளோடு நின்று, செல்பேசியைப் பார்த்துப் பார்த்துப் பூட்டைத் திருகுவதைக் காண்கிறேன். அந்தக் காட்சி என்னை விடவே மாட்டேன் என்கிறது.

வைஃபை பெரும்பாலும் இருக்கும், விடுங்கள். விலை தேதிக்குத் தேதி மாறும்; ஆகஸ்டில் எடின்பரோவில் விழாக்காலம், எதுவுமே மலிவாக இராது. அம்மாவின் முழங்காலுக்கு லிஃப்ட் வேண்டும். பழைய வீடுகளில் குறுகலான மாடிப்படிதான். ஆகவே எடின்பரோவில் ஹோட்டல். ஸ்கையில் வீடு, கீழ்த்தளத்து அறை கேட்டு இப்போதே பதிவு செய்யுங்கள். கோடையில் அங்கே இடம் கிடைப்பது கடினம்.

நம் கரைக்கு இந்த இரண்டும் புதிதல்ல. சேதுபதிகள் ராமேஸ்வரம் போகும் வழியெங்கும் சத்திரம் கட்டிவைத்தார்கள். சத்திரத்தில் தங்கியவன் எந்தக் குடும்பத்தின் உறக்கத்தையும் கெடுக்கவில்லை. இன்னொரு பக்கம், கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில் வடநாட்டு யாத்திரிகர்கள் தங்கினார்கள். என் பெரியம்மா வீடும் அப்படி ஒன்று. பணம் வாங்கினாள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மராட்டியர்கள் வருவார்கள், காசியிலிருந்து வாய் அடைத்த செம்பில் கங்கை நீர் கொண்டுவருபவர்கள் அதைத் தரையில் வைக்கத் தயங்குவார்கள். பெரியம்மா மணைப் பலகையை எடுத்துப் போடுவாள். அடுத்த வேலை, வந்தவர்களைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய் இரண்டைக் காட்டுவது. கால் கழுவவும் துணி அலசவும் உப்புத் தண்ணீர்த் தொட்டி. அடுப்படி வாசலில் நல்ல தண்ணீர்ப் பானை, அது குடிக்க மட்டும். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டுச் சொட்டச் சொட்ட வந்த யாராவது நல்ல தண்ணீரை மொண்டு சேலையை அலசினால் தொலைந்தார்கள். தமிழில்தான் திட்டுவாள். ஒரு சொல் புரியாவிட்டாலும் அவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். அடுத்த நிமிடமே அவர்கள் தட்டில் சூடாக இட்லி விழும்.

ரயில் எத்தனை மணிக்கு வந்தாலும், வருகிறோம் என்று சொன்னவர்கள் வந்து சேரும்வரை அவள் படுக்க மாட்டாள். திண்ணைத் தூணில் சாய்ந்தபடி வெற்றிலைப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருப்பாள். அவள் முகத்தை அப்போது பார்த்த எனக்கு, ‘யாருக்கும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது கோபம்தான் வந்தது.

தம்பி, ஸ்கையில் நீங்கள் தங்கப்போகும் வீட்டில் இரவெல்லாம் விழித்திருக்கும் வரவேற்பு மேஜை கிடையாது. கதவைத் திறப்பவர், படுக்கை விரிப்பவர், காலையில் முட்டை பொரிப்பவர் எல்லாம் ஒருவரே. மாலை நான்கு மணி என்றால் நான்கு மணி. வழியில் மலையும் ஏரியும் பார்த்து நேரமாகிவிட்டதா, தொலைபேசியில் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு மேல்தான் வர முடியும் என்றால் முன்கூட்டியே கேளுங்கள்; முடியாது என்று அவர் சொன்னால் அது அவர் உரிமை. காலை உணவு எட்டிலிருந்து ஒன்பது என்றால் ஒன்பதரைக்கு இறங்கி வந்து முகம் சுளிக்காதீர்கள். அம்மா சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுதுங்கள். அங்கே காலைத் தட்டில் பன்றி இறைச்சியும், ரத்தம் சேர்த்துச் செய்த கறுப்புப் புட்டிங்கும் வரும். முன்பே சொன்னால் ஓட்ஸ் கஞ்சியும் காளானும் தக்காளியும் அன்போடு வைப்பார்கள். சொல்லாமல் போய் மேஜையில் உட்கார்ந்து அதிர்ச்சி அடைவது அவர் உழைப்பை அவமதிப்பது.

குளியலறையிலும் கவனம். தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. தொட்டிக்குள் நின்று, திரையின் கீழ் விளிம்பைத் தொட்டிக்குள் விட்டுக் குளிக்க வேண்டும். நம் வழக்கப்படி வெளியே நின்று வாரி ஊற்றினால் மரத்தளத்தில் இறங்கிக் கீழ் அறையின் கூரையில் சொட்டும். அடுப்பை எடுத்துப் போகவே போகாதீர்கள். 2022 பிப்ரவரியிலிருந்து ஸ்காட்லாந்தில் எல்லா வீடுகளிலும் புகை எச்சரிக்கைக் கருவிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் தாளிப்புக்கு ஒன்று அலறினால் வீட்டிலுள்ள அத்தனையும் அலறும். வீட்டு விலையும் வேண்டும், ஹோட்டல் சுதந்திரமும் வேண்டும் என்றால் நடக்காது.

இனி உங்கள் வீடு. 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு இளைஞர்கள், தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே காற்று மெத்தை போட்டு, காலை உணவும் தந்து, வெளியூர்க்காரர்களைத் தங்கவைத்தார்கள். இணையம் வழியாக வீடு விடும் ஏர்பிஎன்பி நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. இன்று அதன் வழியாகக் கிடைக்கும் எத்தனையோ வீடுகளில் குடியிருப்பவரும் இல்லை, காலை உணவும் இல்லை. சாவிப் பெட்டிதான் இருக்கிறது. அதனால் என்ன கெட்டது என்று பார்சிலோனாக்காரர்களைக் கேளுங்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வாடகை எட்டாத உயரத்துக்குப் போனதால், சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமங்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக அந்த நகர மேயர் 2024இல் அறிவித்தார். ஸ்காட்லாந்திலும் இப்போது வீட்டில் அறை விடுவதற்குக்கூட உரிமம் வேண்டும். விளம்பரத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

நம் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டம் ஒன்று முதல் ஆறு அறை வரை அனுமதிக்கிறது. உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வெளிநாட்டவர் யார் வந்து தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். துபாயில் இருந்துகொண்டு யாருடைய பாஸ்போர்ட்டை எப்படிப் பார்ப்பீர்கள்? விடியும் முன் உங்கள் ஊர்க் கடலிலுள்ள நவபாஷாணக் கோயிலில் முழுக்குப் போட்டுவிட்டு ஈர உடையோடு வருபவருக்கு, எந்தக் குழாயில் உப்புத் தண்ணீர், எதில் நல்ல தண்ணீர் என்று அந்தப் பெட்டியா சொல்லும்? ராத்திரியில் அவருக்குக் காய்ச்சல் கண்டால் எந்தக் கதவைத் தட்டுவார்?

உறவில் ஒரு குடும்பம் வாடகைக்கு அல்லாடிக்கொண்டிருக்கும், விசாரியுங்கள். அவர்களைக் குடிவைத்து, முன்பக்கத்து இரண்டு அறைகளை மட்டும் அவர்கள் பெயரில், அவர்கள் பொறுப்பில் விருந்தினருக்கு விடுங்கள். வருமானத்தில் பாதி அவர்களுக்குப் போகட்டும். அது முடியாதென்றால் வீடு பூட்டியே கிடக்கட்டும்.

அன்புடன்,
அக்கா