பெயின்டர் பாதியில் போனால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கேள்வி: முன்பணம் வாங்கிய பெயின்டர் பாதி வேலையோடு காணாமல் போய்விட்டார். சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகச் சொல்கிறார்கள். மற்ற கோர்ட்டுகளுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: முதலில் தொகை. சிறு வழக்கு நீதிமன்றம் என்பது சின்னத் தொகைக்கான கோர்ட், அங்கே எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் பொதுவாக 10,000 பவுண்டு, சிங்கப்பூரில் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. அதற்கு மேல் என்றால் சாதாரண சிவில் கோர்ட்தான். விவாகரத்து, கிரிமினல் வழக்கு எல்லாம் இங்கே வராது.

அப்புறம் வக்கீல். சிங்கப்பூரிலும் கலிஃபோர்னியாவிலும் விசாரணையில் உங்களுக்காக வக்கீல் வாதாடவே முடியாது. இங்கிலாந்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஜெயித்தாலும் அவருடைய ஃபீஸைப் பெரும்பாலும் எதிராளியிடம் வாங்க முடியாது, ஆக நீங்களே பேசுவதுதான் லாபம். பயப்படாதீர்கள், வாய்தா மேல் வாய்தா என்று இழுக்கிற இடமில்லை இது, பல வழக்குகள் ஒரே நாளில் விசாரித்து முடிந்துவிடும். சாட்சிய விதிகளும் அவ்வளவு கறார் இல்லை.

ஆனால் கையில் காகிதம் வேண்டும். பணம் அனுப்பிய ரசீது, 'நாளைக்கு வர்றேன்' என்று அவர் அனுப்பிய மெசேஜ்கள், பாதி பூசிய சுவரின் போட்டோ, மிச்ச வேலையை முடிக்க வேறொருவர் கொடுத்த எஸ்டிமேட், எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். மூன்று பிரதி எடுங்கள்: நீதிபதிக்கு, எதிராளிக்கு, உங்களுக்கு. அவர் எவ்வளவு மோசமான ஆள் என்று பத்து நிமிடம் பேசுவதைவிட அந்தப் போட்டோ அதிகம் பேசும்.

அப்பீல் விஷயத்தில் உஷார். கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டவர் தன் கோரிக்கையில் தோற்றால் அப்பீலே கிடையாது, எதிராளிக்கு மட்டும் உண்டு. உங்கள் ஊர் விதி என்ன என்று மனு போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஜெயித்தால் பணம் கைக்கு வந்துவிடுமா?

பதில்: தானாக வராது! இதில் மட்டும் பெரிய கோர்ட்டும் சின்னக் கோர்ட்டும் ஒன்றுதான்: தீர்ப்பு சொல்வது கோர்ட்டின் வேலை, வசூலுக்கு அலைவது உங்கள் வேலை. அவர் தராவிட்டால் கணக்கை முடக்கவோ பொருளை ஜப்தி செய்யவோ தனியாக மனு போட வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. அவரிடம் ஒன்றுமே இல்லையென்றால் தீர்ப்பை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். முன்பணத்தை வங்கி வழியாக அனுப்பியிருந்தால் அவருடைய கணக்கு விவரம் உங்களிடம் இருக்குமே, அந்த ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.