பழைய டிராகனுக்கு எதற்கு இத்தனை பில்டப்?

கேள்வி: போன இதழில், பகடை உருட்டி ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்காக வந்த ‘டிராகன்’ பத்திரிகையின் பழைய இதழ்களைப் பற்றி இரண்டு பக்கம் உருகியிருந்தீர்கள். அந்த ஆட்டத்தை வைத்துச் செய்த பால்டர்ஸ் கேட் 3 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் 200 மணி நேரம் செலவழித்தவன் என்ற முறையில், ஆசையாக ஒரு பழைய இதழைத் தேடிப் பிடித்தேன். மூன்று பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை. அட்டவணை, விதிச் சண்டை, விளம்பரம். செத்துப்போன விதிகளை இன்று யார் படிப்பது? இது வெறும் பழம்பெருமைதானே?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஈரோடு

பதில்: உருகியது உண்மை. ஒன்றரைப் பக்கத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று பக்கம் புரட்டிவிட்டுத் தீர்ப்பு எழுதும் உங்கள் வேகத்துக்கு நான் வரவில்லை. 200 மணி நேரம் விளையாடினேன் என்கிறீர்கள். அந்த நேரமெல்லாம் யார் யாரோடு சுற்றினீர்கள் என்று பார்ப்போமா?

ஆட்டம் தொடங்கியதும் உங்கள் கண்ணுக்குள் ஒரு தலைப்பிரட்டையை விடுகிறதே, வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஆக்டோபஸ் கைகள் தொங்கும் அந்த ஜந்து, மைண்ட் ஃபிளேயர், அது முதலில் அச்சேறியது 1975-இல். ‘தி ஸ்ட்ராட்டஜிக் ரெவ்யூ’ என்ற ஆறு பக்கச் செய்தித்தாளின் முதல் இதழில். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து டி.எஸ்.ஆர். என்ற கம்பெனி அதை நடத்தியது. அதே கம்பெனியின் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. முதல் அச்சே ஆயிரம் பெட்டிகள்தான். ஏழு இதழோடு அந்தச் செய்தித்தாள் நின்றது. 1976 ஜூனில் அதன் இடத்துக்கு வந்ததுதான் நீங்கள் மூன்று பக்கத்தில் மூடிவைத்த ‘தி டிராகன்’.

சரி, உங்கள் குழுவில் வில்லோடு காட்டில் அலைய ஒரு ரேஞ்சர் இருந்திருப்பார். பாட்டுப் பாடியே எதிரியை அசரவைக்கும் பார்ட் ஒருவரும் இருந்திருப்பார். ரேஞ்சர் வந்தது ஸ்ட்ராட்டஜிக் ரெவ்யூவின் இரண்டாம் இதழில், எழுதியவர் ஜோ ஃபிஷர். பார்ட் வந்தது 1976 பிப்ரவரியில், ஆறாம் இதழில், எழுதியவர் டக் ஷ்வெக்மன். இரண்டு பேருமே மூலப் புத்தகத்தை எழுதியவர்கள் கிடையாது. “இப்படி ஒரு ஆள் இருந்தால் நன்றாக இருக்குமே” என்று யோசித்து எழுதினார்கள், பத்திரிகை போட்டது, ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டது.

அப்புறம் லேசெல். பச்சைத் தோலும் எதற்கெடுத்தாலும் கத்தியை உருவும் குணமும் கொண்ட அந்தக் கித்யாங்கிப் பெண்ணை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவள் இனம் பிறந்தது டிராகனில் இல்லை, லண்டனிலிருந்து வந்த ‘ஒயிட் டுவார்ஃப்’ பத்திரிகையில், 1979-இல், 12-ஆம் இதழில். வாசகர்கள் அனுப்பும் அரக்கர்களுக்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. அதற்கு அனுப்பியவர் சார்லஸ் ஸ்ட்ராஸ். பிற்பாடு பெயர்பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர். அந்த இதழ் வந்தபோது அவருக்கு வயது 14. இனத்தின் பெயரை ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ஒரு நாவலிலிருந்து சுட்டிருந்தார். பள்ளிக்கூடப் பையன் தபாலில் அனுப்பியதோடுதான் நீங்கள் காதல் வசனம் பேசியிருக்கிறீர்கள், ஐயா.

பால்டர்ஸ் கேட் என்ற ஊர் இருக்கும் உலகமும் இப்படி வந்ததுதான். எட் கிரீன்வுட் கனடாவில் நூலக வேலை பார்த்தவர். 1979-இல் 30-ஆம் இதழில் ஒரு அரக்கனோடு டிராகனுக்குள் நுழைந்தார். பிறகு மந்திரப் புத்தகம், வாள், நாணயம் என்று கட்டுரைமேல் கட்டுரை எழுதினார். எல்மின்ஸ்டர் என்ற கிழட்டு மந்திரவாதி வந்து சொல்லிவிட்டுப் போனதாக எழுதுவது அவர் பாணி. வருடக்கணக்கில் துண்டு துண்டாக வாசகர்கள் படித்த அந்த உலகத்தை டி.எஸ்.ஆர். விலைக்கு வாங்கி, 1987-இல் பெட்டியாக விற்றது.

நீங்கள் ‘செத்துப்போன விதி’ என்றது இதைத்தான். அட்டவணைகளைப் பொறுத்தவரை உங்களோடு எனக்குச் சண்டையில்லை, தாராளமாகத் தாண்டிப் போங்கள். ஈட்டிக்கு எத்தனை, கோடரிக்கு எத்தனை என்ற கணக்கை நானும் படிப்பதில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது ஒரு பொற்காலம், அப்போது எல்லாரும் ஆட்டத்தை ஆட்டமாகப் பார்த்தார்கள் என்று கண் கலங்குகிறவர்கள். அவர்கள் 1976 அக்டோபர் மாத மூன்றாம் இதழை எடுத்துப் பார்க்கட்டும். பெண் கதாபாத்திரங்களுக்கென்று லென் லகோஃப்கா எழுதிய விதிகள் அதில் இருக்கின்றன. பெண் என்றால் பலத்துக்கு உருட்டும் பகடையைக் குறை. ஆளை ஈர்க்கும் ஆளுமைக்குப் பதிலாக ‘அழகு’ என்று ஒரு எண்ணைப் போடு. மயக்குவதற்குத் தனி மந்திரம் கொடு. பெண்களை ஆட்டத்துக்குள் அழைத்துவரும் முயற்சி என்றுதான் இதை அச்சிட்டார்கள்! போன மாதக் கட்டுரையில் இதை நான் எழுதாமல் விட்டது தப்புதான். இடமில்லை என்று சமாளிக்கலாம், ஆனால் மலைப்பாம்பு மாதிரி நீண்ட என் முன்னுரைக்கு இடம் இருந்ததே.

மூன்று வருடம் கழித்து, 1979-இல், விதிச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ‘சேஜ் அட்வைஸ்’ என்ற பகுதி தொடங்கியபோது, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ஜீன் வெல்ஸ் என்ற பெண். தொழில்முறைப் பொறாமையோடு நான் படிக்கும் பகுதி இது. வில்லால் எவ்வளவு சேதம் ஆகும் என்று ஒருவர் கேட்கிறார். ஒன்றும் ஆகாது, சேதம் செய்வது அம்பு என்கிறார் ஜீன் வெல்ஸ். வில்லாலேயே ஒருவனை அடித்தால் ஒன்று முதல் நான்கு புள்ளி வரை போகலாம், அதற்கப்புறம் அந்த வில் அம்பு விட உதவாது என்று அடுத்த வரியில் முடிக்கிறார். இத்தனை வருடமாகக் கேள்வி-பதில் எழுதுகிறேன், இந்த நறுக்கு எனக்கு வரவில்லை. இந்தப் பதிலின் நீளத்தைப் பார்த்தாலே தெரியும்.

விளம்பரத்தைக் குறை சொன்னீர்கள். நான் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஒரு பக்கம் ஈயத்தில் வார்த்த விரல் உயரப் போர்வீரர்கள். இன்னொரு பக்கம் தபால்வழி ஆட்டம்: உங்கள் நகர்வைத் தாளில் எழுதி, கட்டணத்தோடு அனுப்ப வேண்டும், கம்பெனி எல்லாருடைய நகர்வையும் கணக்குப் போட்டு முடிவைத் தபாலில் திருப்பி அனுப்பும். உங்கள் படை ஜெயித்ததா என்று தெரிந்துகொள்ள நாள்கணக்கில் தபால்காரருக்காகக் காத்திருக்க வேண்டும். எண்பதுகளின் கடைசி இதழ்களைப் புரட்டினால் கம்ப்யூட்டர் ஆட்டங்கள் வந்து உட்கார்ந்திருக்கும். உங்கள் பால்டர்ஸ் கேட்டின் பெரியப்பாக்கள் அவை.

இவற்றை இன்று சட்டப்படி முழுசாக வாங்குவது ஏன் கடினம் என்பதற்கும் காரணம், வெளியாட்கள் தபாலில் அனுப்பிய அந்த எழுத்துகள்தான். டி.எஸ்.ஆரை 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற கம்பெனி வாங்கியது. 1999-இல் 250 இதழ்களை ஐந்து சிடிக்களில் போட்டு விற்றார்கள். எழுதியவர்களும் வரைந்தவர்களும் அச்சுக்குத்தானே கொடுத்தோம், சிடிக்கு யார் அனுமதி தந்தது என்று கேட்டார்கள். வெளியிலிருந்து எழுதியவர்களால் வளர்ந்த பத்திரிகையில் யாருக்கு எது சொந்தம் என்று பிரிப்பது லேசா? அச்சில் டிராகன் 2007 செப்டம்பரில், 359-ஆம் இதழோடு நின்றது.

மறுபடி முயல்வதாக இருந்தால் 1983 ஏப்ரல் மாத 72-ஆம் இதழை எடுங்கள். அதில் பியர்சர் என்ற பிராணியைப் பற்றி ஒரு கட்டுரை. குகைக் கூரையில் சுண்ணாம்புக் கூம்பு மாதிரி தொங்கும், அடியில் ஆள் வந்தால் விழுந்து குத்தும். விதிப் புத்தகத்துக்கு அது சில வரி விஷயம். கட்டுரையை எழுதிய இரண்டு பேர் அதை நத்தையின் உறவுக்காரனாக ஆக்கி, அது எப்படிப் பிழைக்கிறது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். குறி தப்பிவிட்டால் பாவம், சுவரில் ஊர்ந்து மறுபடி மேலே ஏற வேண்டும். அரக்கர்களின் வாழ்க்கைமுறையைச் சொல்லும் கட்டுரைகள் அதற்கப்புறம் வருடக்கணக்கில் தொடர்ந்தன.

ஒரே ஒரு எச்சரிக்கை. இதழில் டேவ் டிராம்பியர் வரைந்த ‘வோர்மி’ என்ற படக்கதை வரும், சுருட்டு பிடித்துக்கொண்டு பில்லியர்ட்ஸ் ஆடும் டிராகன் கதை. பிடித்துப்போகும், மாட்டிக்கொள்வீர்கள். 1988 ஏப்ரலில், 132-ஆம் இதழில், கதை பாதியில் நிற்கிறது. வரைந்தவர் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். 2002-இல் இல்லினாய் மாநிலத்தின் கார்பண்டேல் ஊரில் அவர் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருப்பதை ஒரு மாணவர் பத்திரிகை வெளியே கொண்டுவந்தது. 2014-இல் இறந்துபோனார். கதையின் மீதி அச்சாகவே இல்லை. ஆகவே, “அப்புறம் வோர்மிக்கு என்ன ஆயிற்று?” என்று அடுத்த மாதம் எனக்குக் கடிதம் போடாதீர்கள்.